டெய்லர் கிடைக்கல, போர்டு வெச்சு சலிச்சுப் போச்சு... திருப்பூர்ல யூனிட் நடத்தறவங்க சொல்லுங்க

பெருமாநல்லூர்ரோடு_யூனிட்:
வணக்கம்ங்க. சின்ன யூனிட்தான், எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுத்து தெச்சுக் குடுக்கறோம், ஓவர்லாக் பேட்லாக் சிங்கர் எல்லாம் சேத்து இருபத்தஞ்சு மிஷின் கிட்ட இருக்கும். இப்ப ஆர்டர் இருக்கு, உக்கார ஆள் இல்ல. கேட்ல "டெய்லர்கள் தேவை, செக்கிங், கைமடிக்க பெண்கள் தேவை"னு போர்டு மாசக்கணக்கா தொங்குது, பஸ் ஸ்டாப் செவுத்துல நோட்டீஸ் ஒட்டியாச்சு, வாட்ஸாப் குரூப்ல போட்டாச்சு, போன் பண்றவங்க ஷிப்டுக்கு எவ்ளோன்னு கேக்கறாங்க, நேர்ல வாங்க பேசிக்கலாம்னா கட் பண்ணிர்றாங்க. ஏஜென்ட் மூலமா ஜார்கண்ட், ஒடிசா பசங்கள எடுத்தோம், ஹோலிக்கு தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறுனவங்கள்ல பாதி பேரு திரும்பல. உள்ளூர்ப் பசங்க டெலிவரி வண்டி ஓட்டறேன்னு போயிர்றாங்க. கூலிய ஏத்துனா ஜாப் ஒர்க் ரேட்டுக்குக் கட்டுப்படி ஆகாது. நல்ல டெய்லர எப்படிங்க புடிக்கறீங்க, வந்தவங்கள எப்படி நிறுத்தி வெக்கறீங்க?

லைன்_சூப்பர்வைசர்:
ஏனுங்க, மொதல்ல போர்டுல ரேட்ட எழுதுங்க. ஷிப்டா பீஸ் ரேட்டா, ஷிப்டுன்னா எவ்ளோ, சனிக்கிழமை சம்பளம் எத்தன மணிக்கு, இது மூணும் இல்லாத போர்ட எவனும் படிக்கறதில்ல. முன்ன மாதிரி நாலு கேட் ஏறி விசாரிக்கற காலம் இல்லீங்க, லைன்ல உக்காந்துகிட்டே அடுத்த கம்பெனி ரேட்டு மொபைல்ல வந்துருது. இன்னொன்னும் சொல்றேன், கோச்சுக்காதீங்க. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டப்ப, ஆர்டர் நின்ன உடனே நாளைல இருந்து வராதீங்கன்னு ஆளுகள அனுப்புன யூனிட்டுங்க இருக்குது. வாரத்துக்கு மூணு ஷிப்டாவது குடுத்து ஓட்டுனவங்களும் இருந்தாங்க. எங்க முதலாளி ரெண்டாவது ரகம், மார்ஜின் போச்சுதான், ஆனா எங்க லைன்ல இப்ப ஆள் பஞ்சம் இல்ல. டெய்லருங்க இதையெல்லாம் மறக்க மாட்டாங்க, அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க.

சிங்கர்_அக்கா:
நான் டெய்லர், ஓனர் இல்ல, சொல்லலாமான்னு தெரியல, இருந்தாலும் சொல்றேன். காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்டுன்னு நைட்டு எட்டரை வரைக்கும் உக்காத்தி வெக்கறாங்க, முடியாதுன்னா அப்ப வேண்டாம்ங்கறாங்க. ஸ்கூல் போற புள்ளைங்கள வெச்சுகிட்டு எந்தப் பொம்பளைங்க வருவா? எங்க தெருவுல மட்டும் ஓவர்லாக் நல்லா தெரிஞ்ச பொம்பளைங்க அஞ்சாறு பேரு சும்மா இருக்காங்க, சும்மான்னா வீட்டுல பிசிர் வெட்டி டஜனுக்கு இவ்ளோன்னு சில்லறைக் காசுக்கு. ஒம்பதரைல இருந்து நாலரை, மணிக்கணக்குக்கு கூலி, இப்படி ஒரு போர்டு வெச்சுப் பாருங்க. அப்புறம் பாத்ரூம். கதவுல தாப்பா இல்லாத கம்பெனிக்கு எவ்ளோ குடுத்தாலும் ரெண்டாவது வாரம் வரமாட்டோம்.

பழைய_பனியன்காரன்:
ரேஷன் அரிசி சும்மா, பஸ்ஸு சும்மா, மாசம் ஆயிரம் ரூபா பேங்க்ல விழுது, அப்புறம் யாருங்க வேலைக்கு வருவா.

சிங்கர்_அக்கா:
அண்ணா, அந்த ஆயிரம் ரெண்டு ஷிப்டு கூலிக்கு மேல வராதுங்க. அதுல வீட்டு வாடகை குடுக்க முடியுமா நீங்களே சொல்லுங்க. பஸ்ஸு ப்ரீயா இருக்கறதாலதான் நாங்க ரெண்டு ஊரு தள்ளி வந்தே வேல பாக்கறோம்.

எச்ஆர்_தம்பி:
கூலிய ஏத்த முடியலன்னா இஎஸ்ஐ, பிஎஃப் ஒழுங்கா போடுங்கண்ணா, அதுவும் கூலிதான். பத்து பேரு இருந்தாலே இஎஸ்ஐ, இருபதுன்னா பிஎஃப், இது சட்டம். ஆனா பாதி யூனிட்ல பத்தொம்பது பேருதான்னு கணக்கு காட்றாங்க. இஎஸ்ஐல ஓனர் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளிக்கு 0.75, அவ்ளோதான், அதுக்கு பிரசவத்துக்கு 26 வாரம் காசு வருது, ஒடிசாக்காரன் இங்க வேல பாத்தா ஊர்ல இருக்கற அவன் குடும்பம் அங்கயே இஎஸ்ஐல வைத்தியம் பாத்துக்கலாம். இத ஒருத்தரும் இந்தில சொல்றதில்ல, சம்பளத்துல புடிக்கறாங்கன்னு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

இன்னொன்னு, மத்திய அரசோட விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா இருக்குங்க, 2025 ஆகஸ்ட் 1ல இருந்து 2027 ஜூலை 31க்குள்ள சேர்றவங்களுக்கு. மொதமொத பிஎஃப்ல சேர்றவங்களுக்கு 15,000 ரூபா வரைக்கும் ரெண்டு தவணையா வரும், ஆறு மாசம் நின்னாத்தான் மொத தவணை. புதுசா எடுத்த ஆளுக்கு ஓனருக்கும் மாசம் 3,000 வரைக்கும் உண்டு, அம்பது பேருக்குள்ள இருக்கற யூனிட்னா கூடுதலா ரெண்டு பேராவது எடுத்துருக்கணும். டெய்லரிங் தெரியாத புதுப் பசங்கள எடுத்துப் பழக்கறதுக்கு இது நல்ல சான்ஸ், ஆடிட்டர்கிட்ட கேளுங்க. தீபாவளி போனஸ் வாங்குன கையோட கம்பெனி மாறுறதுதான் இங்க வழக்கம், அதனால தேனி, திண்டுக்கல் பக்கம் போனவங்க லீவு முடிஞ்சு எறங்கற வாரம்தான் ஆளெடுக்கற வாரம், அப்ப உங்க ரேட்டு வெளில தெரியணும்.

பெருமாநல்லூர்ரோடு_யூனிட்:
ரேட்டு போடறதுல ஒரு சிக்கல், போர்டுல புது ஆளுக்கு போடற ரேட்ட பழைய டெய்லர் பாத்தா எனக்கு ஏன் கம்மின்னு நிப்பான், அவனுக்கும் ஏத்தணும், கம்பெனிக்காரன் பீஸ் ரேட்டு ஏத்துவானா? அக்கா சொன்ன ஒம்பதரை டைமிங் மட்டும் ஒரு லைனுக்கு வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன், ஆனா நாலரைக்கு மேல அந்த மிஷின் சும்மா நிக்குமேன்னு யோசனையா இருக்கு.

லைன்_சூப்பர்வைசர்:
இப்பவும் சும்மாதானுங்களே நிக்குது.

சிங்கர்_அக்கா:
பெருமாநல்லூர் ரோட்டுல எந்த எடம்ங்க? பாண்டியன் நகர் கிட்டன்னா எங்க தெருல ரெண்டு பேருகிட்ட கேக்கறேன். மணிக்கு எவ்ளோன்னு மட்டும் சொல்லிருங்க, நேர்ல வந்து பேசிக்கலாம்னு சொல்லாதீங்க.