வேர் எங்கே?

கொல்லைப்புறம்:
"1980களிலேயே கம்ப்யூட்டர் தானாக மரத்தைக் கண்டுபிடித்துவிட்டது" என்று நேற்று நிரலன் எழுதியிருந்தார். செடிகளின் பரிணாமத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாரே, கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் நிக்லாஸ், அவர் செய்ததைத்தானே சொல்கிறீர்கள்? அந்தச் செடிகளுக்கு வேரே கிடையாது சார். இதை மரம் என்று சொன்னால் என் அப்பத்தா விளக்குமாற்றைத் தூக்குவாள்.

நிரலன்:
படித்துவிட்டுப் பேசுங்கள். கிளை பிரியும் வாய்ப்பு, பிரியும் கோணம், சுழலும் கோணம், இவற்றை வைத்தே வடிவங்கள் எல்லாம். வெயிலை நிறையப் பிடிப்பது, ஒடியாமல் நிற்பது, விதையைத் தூரம் பரப்புவது, இதில் தேறியவை முன்னேறின. இரண்டிரண்டாகக் கவைத்த குட்டைச் செடியில் ஆரம்பித்து, நடுத்தண்டு ஓங்கிப் பக்கக்கிளை விரித்த வடிவத்துக்கு வந்தது. புதைபடிவங்களும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

கொல்லைப்புறம்:
வேர் எங்கே?

பச்சையம்72:
விதை இல்லை, ஸ்போர், பெரணி உதிர்க்குமே அந்தத் தூள். விதையெல்லாம் பின்னால் வந்தது. அப்புறம், ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழைய செடிகள் பலவற்றுக்கு உண்மையான வேர் கிடையாது, மெல்லிய வேரிழைதான். அதனால் ஆரம்பச் செடிக்கு வேர் வைக்காதது தப்பில்லை.

கொல்லைப்புறம்:
ஆரம்பத்துக்குச் சரி. கடைசியில் ஓங்கி வளர்ந்ததே, அது தண்ணீருக்கு எங்கே போகும்? தென்னைக்குத் தென்னை 25 அடி விடுகிறோமே, நிழலுக்கு மட்டுமா? விதைக்கும் ஸ்போருக்கும் வித்தியாசம் தெரியாதவர் எனக்குப் படிக்கச் சொல்லித் தருகிறார்!

நிரலன்:
கை தவறி எழுதியது. போன மாதம் நீங்கள் மூங்கிலை மரம் என்று சாதித்ததை யாரும் மறக்கவில்லை.

கொல்லைப்புறம்:
மூங்கில் புல் என்று எனக்குத் தெரியும். அதற்கும் வேர் உண்டு.

நிரலன்:
கம்ப்யூட்டர் மாதிரி என்றாலே சிலவற்றை விடுவதுதான் ஐயா. 1972இல் சூழலியலாளர் போட்கினும் கூட்டாளிகளும் எழுதிய ஜபோவா என்ற காட்டு மாதிரி, அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டை 10க்கு 10 மீட்டர் துண்டுகளாக்கி, மரம் மரமாகக் கணக்குப் போட்டது. உயர்ந்த மரத்தின் நிழலில் குட்டை மரம் எப்படித் திணறும் என்று பார்த்தது. அதிலும் யாரும் வேரை வரைந்துகொண்டிருக்கவில்லை.

கொல்லைப்புறம்:
ஆக, இரண்டிலும் வேர் இல்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

நிரலன்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை!

பச்சையம்72:
மூங்கிலைப் புல் என்று சொல்வது வகைப்பாட்டில் சரி. ஆனால் பேச்சு வழக்கில்...

கொல்லைப்புறம்:
பச்சையம் சார், நடுவில் புகாதீர்கள். நிரலன், வேர்?