மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒதுங்குவது மரியாதையா, ஆபத்தா?

டர்பன் குமரன்:
போக ஒரு தடம், வர ஒரு தடம் மட்டும் உள்ள சாலைகளில் மெதுவாகப் போகிறவர் இடப்பக்க மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரமாக ஒதுங்கி வழிவிடுவது தென்னாப்பிரிக்காவில் பழகிப்போன மரியாதை. முந்தியவர் ஹசார்ட் விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார். வழிவிட்டவர் ஹெட்லைட்டை ஒருமுறை காட்டி ஏற்றுக்கொள்வார். இப்போது பலர் அசைவதே இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கிரேடவுன் போகும் ஆர்33 சாலையில் மர லாரிக்குப் பின்னால் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. பொறுமை போனவன் வளைவில் முந்துகிறான். கொஞ்சம் ஒதுங்கினால் என்ன குறைந்துவிடும்?

ஸ்டேங்கர் மீனா:
அண்ணா, அந்த ஓரம் யாருக்கும் சொந்தமில்லாத காலி இடமா? என்2 நெடுஞ்சாலையில் ஹ்லுஹ்லுவேக்கும் பொங்கோலாவுக்கும் நடுவே போய்ப் பாருங்கள். பள்ளி விட்ட பிள்ளைகள் நடந்து போகிறார்கள், டாக்ஸிக்குக் கைகாட்டி அம்மாக்கள் நிற்கிறார்கள், மாடு மேய்கிறது, பழுதான பாக்கி (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) நிற்கிறது. பின்னால் கார் ஓட்டி வருகிறவருக்கு மரியாதை செய்ய, நடந்து போகிறவரின் இடத்தை எடுத்துக் கொடுக்கிறோம். நடக்கிறவருக்கு யார் மரியாதை செய்வது? நான் ஒதுங்க மாட்டேன். திட்டினாலும் சரி.

பீனிக்ஸ் வாசகன்:
சட்டம் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி இடம் தருகிறது. தேசியச் சாலைப் போக்குவரத்து விதிகளில் 298ஏ என்று ஒன்று உண்டு. இப்படிப்பட்ட சாலையில், சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை, பின்னால் வருபவர் நம்மை முந்தும் நேரத்தில் மட்டும் ஓரத்தில் ஓட்டலாம். ஆட்களும் வண்டிகளும் குறைந்தது 150 மீட்டர் தூரத்துக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், யாருக்கும் ஆபத்து வரக்கூடாது. இது அனுமதிதான், கட்டாயமில்லை. ஆகவே ஹைபீம் அடித்து விரட்டுகிறவருக்கு இதில் எந்த உரிமையும் கிடையாது.

டர்பன் குமரன்:
விரட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் மீனா சொல்வதுபோல ஒருபோதும் ஒதுங்காமலே இருப்பதை ஏற்க முடியாது. 9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிக்கு உச்ச வேகமே மணிக்கு 80 கி.மீ. காருக்கு 100 உள்ள சாலையில் அவர் மெதுவாகப் போவது தப்பில்லை. அதனால்தான் பகல் வெளிச்சத்தில், ஆளில்லாத நேர்ச்சாலையில் ஒதுங்குவது பெரிய உதவி. அதையும் மறுத்தால் அது வீம்பு.

லாரி அண்ணன்:
நான் ஓட்டுகிறவன், நான் சொல்கிறேன். முழுப் பாரம் ஏற்றினால் 56 டன் வரை வரும். ஓரத்துத் தார் உடைந்து மண் கீழே இறங்கியிருந்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் இழுக்கும், திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு விளக்கடித்தால் என் கவனம் கண்ணாடிக்குப் போய்விடும்; எதிரே நடந்து வருகிறவரை அப்போதுதான் தவறவிடுவோம். இடைவெளி விட்டு வாருங்கள், இடம் கிடைத்ததும் நானே ஒதுங்குவேன். இரவிலும் மூடுபனியிலும் ஒதுங்கவே மாட்டேன். இன்னொன்று: நான் ஒதுங்கினால் எதிரே சாலை காலி என்று அர்த்தமில்லை. அதை முந்துகிறவர்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டேங்கர் மீனா:
அண்ணன் சொல்வது நியாயம். ஆளில்லாத இடத்தில் அவர் ஒதுங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. மேடேறி அந்தப்பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒதுங்குகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். குமரன் அண்ணா, அந்த இடத்தில் ஒதுங்காதவரையும் வீம்பு என்பீர்களா?

டர்பன் குமரன்:
இல்லை, அங்கே ஒதுங்கக் கூடாது. ஆனால் வரிசை நீண்டுவிட்டால், மரத்தடியில் சிமெண்ட் மேசை போட்டிருக்கும் ஓய்விடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி எல்லாரையும் போகவிடலாமே?

லாரி அண்ணன்:
நிறுத்தலாம், நிறுத்துகிறேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் மட்டும் கேட்காதீர்கள் தம்பி. அங்கே நின்றால் மறுபடி வேகம் பிடிப்பதற்குள் பின்னால் இன்னொரு வரிசை சேர்ந்துவிடும்.