கேமராக்குள்ள பேட்டரி உப்பி மாட்டிக்கிச்சு, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

தண்டையார்பேட்டை தம்பி:
போன மாசம் நடந்தத இங்க எழுதியே ஆகணும், ஏன்னா நம்ம ஏரியால ஃபங்ஷன் எடுக்கிற பசங்க நிறைய பேர் இதே தப்பத்தான் பண்ணிக்கினு இருக்காங்க. திருவொத்தியூர்ல மஞ்சத் தண்ணி ஃபங்ஷன், காலைலேர்ந்து மண்டபத்துல நிக்கிறேன், சரியா தட்டு வரிசை உள்ள வர்ற நேரம் பேட்டரி காலி. ஸ்பேர் போடலாம்னு மூடியத் திறந்து லாக்க தள்ளுறேன், எப்பவும் ஸ்பிரிங்ல டக்குனு எட்டிப் பாக்கும்ல, அசையவே இல்ல. கவுத்துத் தட்டுறேன், ம்ஹூம். கூட வந்த மச்சான் ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கினு நெம்ப வந்துட்டான்.

வீடியோ எடுத்துக்கினு இருந்த அண்ணன் ஓடி வந்து அவன் கையப் புடிச்சாரு. "டேய், அது லித்தியம்டா, ஓட்டை விழுந்தா உள்ளயே ஷார்ட் ஆகி நெருப்பு புடிச்சுக்கும், கை போயிடும்டா"ன்னாரு. ஆஃப் பண்ணி நிழல்ல வச்சு நல்லா ஆற விட்டோம், அப்புறம் அகலமான செல்லோ டேப்ப பேட்டரி தலைல ஒட்டி அவரே மெதுவா, மெதுவா இழுத்து எடுத்தாரு. மேஜை மேல வச்சா படுக்கவே இல்ல, நடுவுல வயிறு தள்ளி, தொட்டா ஆடுது. மெல்லிசா நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வேற. உடனே மொட்டை மாடிக்குக் கொண்டு போயி காஞ்ச மணல் இருந்த பக்கெட்ல வச்சுட்டோம்.

என் கேமராவுக்கு எல்பி-இ10 பேட்டரி, ஒரிஜினல்ல 7.4 வோல்ட், 860 எம்ஏஎச்னுதான் (எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கிற கணக்கு) இருக்கும். நான் வாங்கின டூப்ளிகேட்ல 2200னு போட்டிருந்துச்சு, டபுளுக்கு மேல வருதேன்னு சந்தோஷமா வாங்கினேன். அதே சைஸ் டப்பாக்குள்ள அவ்ளோ எப்படி அடங்கும்னு அன்னிக்கு யோசிக்கல. உள்ள ரெண்டு செல், ஒண்ணொண்ணும் 4.2 வோல்ட்டுக்கு மேல ஏறக் கூடாது, நல்ல சார்ஜர் அங்க கட் பண்ணிடும், பேட்டரிக்குள்ளயும் காவலுக்கு ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். விலை கம்மின்னு விக்கிறதுல அந்த சர்க்யூட்ட நம்பவே முடியாது. நானும் லோக்கல் சார்ஜர்ல ராத்திரி பூரா போட்டுட்டுத் தூங்கிருக்கேன், மத்தியான வெயில்ல பைக் டேங்க் மேல பேக வச்சுட்டு சாப்டப் போயிருக்கேன். ஓவர் சார்ஜும் சூடும் சேர்ந்தா உள்ள கேஸ் கட்டி உப்பிடும்.

அத குப்பைத் தொட்டில போடல. லாரில நசுங்கி தீ புடிச்சா அங்க வேலை பாக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து. முனைல டேப் ஒட்டி, ஈ-வேஸ்ட் எடுக்கிற இடத்துல கொடுத்தேன்.

ராயபுரம் அக்கா:
தம்பி, நல்ல வேளை அந்த அண்ணன் இருந்தாரு. எங்க வீட்ல டபுள் ஏ செல் போடுற பழைய டிஜிட்டல் கேமரா. விடிகாலைல காசிமேட்டுல போட்டுங்க கரை ஏற்றத எடுக்கலாம்னு போனேன், போற வழில பெட்டிக் கடைல கடிகாரத்துக்குப் போடுற செல் ரெண்டு வாங்கிப் போட்டேன். எட்டு போட்டோ. லென்ஸ் பாதி வெளிய நீட்டினபடியே நின்னுடுச்சு, முன்னாடி கூடை கூடையா வஞ்சிரம் இறங்குது, என்னால ஒண்ணும் பண்ண முடியல. அழுகையே வந்துடுச்சு. அதே செல்ல சுவர்க் கடிகாரத்துல போட்டேன், மாசக் கணக்கா ஓடுச்சு! கடிகாரம் சொட்டுச் சொட்டா குடிக்கும், கேமரா ஃபிளாஷுக்கும் லென்ஸ் மோட்டாருக்கும் ஒரே மூச்சுல உறிஞ்சும், அப்போ அந்த செல்லோட வோல்ட் சரிஞ்சுடும், கேமரா காலின்னு நினைச்சு நின்னுடும்.

இப்ப நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள்தான். சாதா செல் 1.5, இது 1.2 வோல்ட்டுதானேன்னு பயப்படாதீங்க, கடைசி வரைக்கும் ஏறக்குறைய அதுலயே நிக்கும். 2005ல வந்த எனிலூப்ங்கிற பிராண்ட் மாதிரி வகை வாங்கினா பீரோல சும்மா கிடந்தாலும் சார்ஜ் அவ்வளவா இறங்காது. பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு கலக்காதீங்க, பலவீனமான செல் சீக்கிரம் காலியாகி ஒழுக ஆரம்பிச்சுடும். கேமராவ எடுத்து வைக்கிறப்போ செல்ல கழட்டிடுங்க. ஆல்கலைன் செல் (சார்ஜ் ஏத்த முடியாத சாதா வகை) ஒழுகி வெள்ளையா பூத்திருந்தா கைல தொடாம, பட்ஸ்ல எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைச்சா போயிடும்.

வியாசர்பாடி:
ஃபுட்பால் மேட்ச் எடுக்கப் போனப்போ ஸ்பேர் பேட்டரிய பேண்ட் பாக்கெட்ல வீட்டுச் சாவியோட போட்டுட்டேன் பா. செகண்ட் ஹாஃப்ல தொடை சுடுது, எடுத்துப் பாத்தா சாவி ரெண்டு முனைக்கும் குறுக்கப் படுத்துருக்கு. அதுலேர்ந்து பிளாஸ்டிக் மூடி போடாம எடுத்துக்கினு போறதே இல்ல.

இன்னொண்ணு, டபுள் ஏ சைஸ்லயே 14500னு லித்தியம் அயான் ஒண்ணு விக்கிறாங்க, அது 3.7 வோல்ட். பாக்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். அக்கா கேமரால தெரியாம போட்டா போர்டே போயிடும், பாத்து வாங்குங்க.

எண்ணூர்:
ஃப்ளைட்ல போறவங்களுக்கு ஒண்ணு. ஸ்பேர் பேட்டரிய செக்-இன் பெட்டில போடக் கூடாது, கைப்பைலதான். நான் அந்தமான் போறப்போ பெட்டிய ஏத்திட்டு நிம்மதியா உக்காந்தா கூப்ட்டுட்டாங்க, எல்லாத்தையும் பிரிச்சு எடுக்க வச்சாங்க. 100 வாட் அவர் (வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினா வர்றது) வரைக்கும் பிரச்சினை இல்ல, தம்பியோட பேட்டரி 860 எம்ஏஎச்னா 0.86 ஆம்பியர் அவர், அத 7.4 வோல்ட்டால பெருக்கினா ஆறு சொச்சம்தான்.

ராயபுரம் அக்கா:
தம்பி, சார்ஜர மாத்தினியா இல்லியா?

தண்டையார்பேட்டை தம்பி:
மாத்திட்டேன்கா. பில்லோட ஒரிஜினல் சார்ஜர், ரெண்டு பேட்டரி, மார்க்கர்ல 1, 2ன்னு எழுதி வாங்கின மாசத்தையும் போட்டு வச்சுருக்கேன். ஷூட் இல்லாத வாரம் ஃபுல் சார்ஜ்ல வைக்காம பாதில விட்டுடுறேன். கழட்டும்போதெல்லாம் மேஜை மேல வச்சு ஆடுதான்னு பாத்துட்டுத்தான் திரும்பப் போடுறேன்.