விம்: தேர்ந்தெடுத்த வரிகளுக்குள் மட்டும் தேடுவது எப்படி?

விம் 9 (டெக்ஸ்ட் எடிட்டர்), லினக்ஸ் டெர்மினல், ப்ளகின் எதுவும் போடவில்லை. சில ஆயிரம் வரி பைத்தான் ஃபைலில், 212 முதல் 268 வரை உள்ள ஒரே ஃபங்ஷனுக்குள் 'கவுண்ட்' வேரியபிளைத் தேட வேண்டும்.

பெரிய 'வி' அழுத்தி வரிகளைத் தேர்ந்தெடுத்து, தேடுவதற்கு ஸ்லாஷ் போட்டால், கர்சர் கீழே அடுத்த 'கவுண்ட்'டுக்குத் தாவுகிறது; தேர்வும் கூடவே இழுபட்டு நீள்கிறது. எஸ்கேப் அடித்துவிட்டுத் தேடினால் ஃபைல் முழுக்க ஹைலைட். வரிகளைத் தேர்ந்தெடுத்து, கோலன் அழுத்தி சப்ஸ்டிட்யூட் (தேடி மாற்றும் கட்டளை) கொடுத்தால் மட்டும் ஒழுங்காக அந்த வரிகளோடு நிற்கிறது. கடைசியில் 'ஜி', 'என்' சேர்த்தால் எதையும் மாற்றாமல் எத்தனை இடம் என்றும் சொல்கிறது. எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அடுத்த இடத்துக்குப் போக 'என்' கீயை அழுத்தும்போது கர்சர் அந்த வரிகளைத் தாண்டாமல் இருக்க, தேடல் பேட்டர்னில் என்ன சேர்க்க வேண்டும்?