கிளை அலுவலகத்துக்கு மாடுலர் ரவுட்டர்: 2911-க்குப் பதில் எது?

கம்பிக்காரன்:
வணக்கம். கிளையில் 40 பேர். ஓடிக்கொண்டிருப்பது சிஸ்கோ 2911, தேவைக்கேற்பக் கார்டு செருகிக்கொள்ளும் மாடுலர் ரவுட்டர். ஃபைபர் இணைப்பை 200 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றியாகிவிட்டது. தலைமை அலுவலகத்துக்கு ஐபிசெக் டனல் (குறியாக்கம் செய்த இணைப்பு), ஃபைபர் அறுந்தால் 4ஜி, டெலிபோனுக்கு ஒரு ஈ1 பிஆர்ஐ (ஒரே லைனில் பல அழைப்புகள் போகும் டிஜிட்டல் இணைப்பு). ரவுட்டரை மாற்ற அனுமதியும் கிடைத்துவிட்டது.

மூடிய ஒரு கிளையிலிருந்து வந்த சிஸ்கோ 4321 ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. மாட்டிப் பார்த்தேன். டவுன்லோடும் அப்லோடும் சேர்த்து 50 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. சிபியு 15 சதவீதம்கூட ஏறவில்லை. டனலை நிறுத்தினாலும் அதே கதை. லேப்டாப்பை நேராகச் செருகினால் 200 முழுசாக வருகிறது. பெட்டி பழுதா? இதையே ஓட்டலாமா, புதிதாக வாங்குவதா? 2911-இல் இருக்கும் கார்டுகளையே புதியதிலும் போட்டால் செலவு மிச்சம் என்று மேலிடம் சொல்கிறது.

ராக்_அறை:
பழுதெல்லாம் இல்லை, லைசென்ஸ் விஷயம். 'ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் த்ரூபுட் லெவல்' கொடுத்துப் பாருங்கள். 50000 (கேபிபிஎஸ்) என்று வந்தால் முடிந்தது. 4321 பிறக்கும்போதே 50 எம்பிபிஎஸ்ஸில் கட்டப்பட்டுத்தான் வரும். பெர்ஃபார்மன்ஸ் லைசென்ஸ் போட்டால் 100. அதுவும் இரண்டு திசையும் சேர்த்துக் கணக்கு. உங்கள் 200-க்கு அது எந்த மூலைக்கு? பூஸ்ட் லைசென்ஸ் போட்டால்தான் அந்தக் கட்டு அவிழும்.

கம்பிக்காரன்:
சரியாக 50000 என்றுதான் வருகிறது சார். அப்போ பூஸ்ட் மட்டும் வாங்கிப் போட்டுவிட்டால் போதுமா?

ராக்_அறை:
ஓடும். ஆனால் நான் வாங்க மாட்டேன். 4300 வரிசையின் விற்பனை 2023 நவம்பரிலேயே நின்றுவிட்டது, ஆதரவு 2028 நவம்பர் வரைதான். புது ரவுட்டருக்கே அனுமதி இருக்கும்போது அந்தப் பெட்டிக்குப் போய் லைசென்ஸ் காசு கட்டுவானேன்? உங்கள் 2911-க்கு 2022 டிசம்பரிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் மாற்றத்தைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

பழைய கார்டு ஆசையை விட்டுவிடுங்கள். 2911-இல் இருப்பவை ஈஎச்விக் என்ற பழைய வகைக் கார்டுகள். 4321-இலும் சரி, அதற்கு அடுத்து வந்த கேட்டலிஸ்ட் 8200, 8300 ரவுட்டர்களிலும் சரி, ஸ்லாட் நிம் என்ற வேறு வகை. உள்ளேயே நுழையாது.

நேர்வழி:
ஒரு மாற்றுக் கருத்து. உங்களுக்கு மாடுலர் எதற்கு? முக்கால்வாசி கிளைகளில் அந்த ஸ்லாட் வாங்கிய நாள் முதல் மூடித் தகட்டோடுதான் இருக்கும். பிஆர்ஐயை எஸ்ஐபி ட்ரங்குக்கு (ஐபி வழியாகப் போகும் டெலிபோன் இணைப்பு) மாற்றிவிட்டு, 4ஜி உள்ளேயே இருக்கிற, கார்டு ஸ்லாட் இல்லாத ஃபிக்ஸட் ரவுட்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

கம்பிக்காரன்:
எனக்கும் அதே ஆசைதான் நண்பரே. பிஆர்ஐ ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் ஓடும், நடுவில் முறிக்க விடமாட்டார்கள்.

ராக்_அறை:
அப்படியானால் மாடுலர் வாங்க நியாயம் இருக்கிறது. ஸ்லாட்டை எண்ணிப் பாருங்கள். 8200-இல் நிம் ஒன்று, செல்லுலர் கார்டுக்கான பிம் ஒன்று. நிம்மில் ஈ1 கார்டு, பிம்மில் 4ஜி. ஃபைபருக்குப் பெட்டியிலேயே நான்கு கிகாபிட் போர்ட் உண்டு, அதில் இரண்டு ஃபைபர் மாட்யூல் செருகும் எஸ்எஃப்பி. அதோடு ஸ்லாட் தீர்ந்தது. இனிமேல் வேறு கார்டு எதுவும் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் 8200 எடுங்கள். சந்தேகம் இருந்தால் நிம்மோடு பெரிய கார்டுக்கான ஒரு எஸ்எம் ஸ்லாட்டும் உள்ள 8300. இரண்டு வருடத்தில் பிஆர்ஐயே போய்விடும் என்பதால் என் ஓட்டு 8200-க்கு.

கொட்டேஷனில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஈ1 கார்டு தனியாக வந்தால் குரல் ஓடாது, அதன் மேல் குரலைக் கையாளும் பிவிடிஎம்4 டிஎஸ்பி மாட்யூல் உட்கார வேண்டும். பிஆர்ஐயில் 30 சேனல், ஆகவே 32 சேனல் உள்ளது போதும். 2911-இல் இருக்கும் பிவிடிஎம்3 இதில் சேராது.

8200-இன் லைசென்ஸில் டியர் 1 என்ற வேக நிலை 200 எம்பிபிஎஸ், உங்கள் லைனுக்குச் சரி. பின்னால் லைனை ஏற்றி, டனல் போக்குவரத்து 250-ஐத் தாண்டினால் அதிவேகக் குறியாக்கத்துக்கான எச்செக் லைசென்ஸ் தனியாகக் கேட்கும். டேட்டா ஷீட்டைப் பார்க்கும்போது 1400 பைட் பாக்கெட்டில் எடுத்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், பல அளவுப் பாக்கெட்டுகளைக் கலந்து எடுத்த ஐமிக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஜி.711 முறையில் வரும் குரல் பாக்கெட் 200 பைட்தான், நொடிக்கு 50 வீதம், ஒவ்வொரு திசையிலும். சின்னச் சின்னப் பாக்கெட்தான் ரவுட்டரைப் பிழியும்.

கம்பிக்காரன்:
இன்னொரு சந்தேகம். 4321-ஐ வைத்துப் பார்த்தபோது பிங் போகிறது, ஆனால் டனல் வழியாகப் பெரிய ஃபைல் திறந்தால் அப்படியே தொங்குகிறது. இதுவும் லைசென்ஸ்தானா?

நேர்வழி:
இல்லை, அது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஜிஆர்ஈ (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும்) டனல்தானே? அதன் தலைப்பும் ஐபிசெக் தலைப்பும் ஏறும்போது பாக்கெட் 1500 பைட்டைத் தாண்டிவிடும். சின்னப் பிங் தப்பிவிடும், பெரிய பாக்கெட் மாட்டிக்கொள்ளும். டனல் இன்டர்ஃபேஸில் ஐபி எம்டியு 1400, டிசிபி எம்எஸ்எஸ் (பாக்கெட்டுக்குள் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1360 வையுங்கள். இரண்டு முனையிலும் எம்டியு ஒன்றாக இருக்கட்டும்.

கம்பிக்காரன்:
ஜிஆர்ஈதான். வைத்தேன், ஃபைல் உடனே திறந்துவிட்டது. மிக்க நன்றி. 8200-க்கு வந்திருந்த கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன், ஈ1 கார்டு இருக்கிறது, பிவிடிஎம்4 வரியைக் காணோம். சேர்த்து அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.