நேவி யார்டில் வேலை பார்த்த பூட்டனாரின் பூர்வீகம் எது?

உவர்மலை:
என் அப்பப்பாவின் தகப்பனார் வெள்ளைக்காரர் காலத்தில் திருகோணமலை நேவி யார்டில் எழுதுவினைஞராக இருந்தவர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட மறுநாள், பெண்களையும் பிள்ளைகளையும் தோணியில் மூதூருக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் இங்கேயே நின்றாராம். அதற்கு முந்திய கதை எவருக்கும் தெரியாது. அவருடைய ஊர் வடமராட்சி என்பார் அப்பப்பா, மட்டக்களப்பு என்பார் பெரியப்பா.

கையில் இருப்பது ஒரே ஒரு படம். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை. படத்தின் பின்புறம் பென்சிலில் 'க. வை.' என்று இரண்டு முதலெழுத்துகள். அவர் யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே தொடங்கலாம்?

பாலையூற்று:
முதலில் உங்கள் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை எடுங்கள். சுதந்திரத்துக்குப் பின் பிறந்தவர் என்றால், 'பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின்' என்ற பகுதியைப் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தலைமுறை ஆதாரம் கேட்ட சட்டம் அல்லவா? என் தகப்பனாரின் பத்திரத்தில் அந்த இடத்தில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் மூன்றும் இருக்கின்றன. உங்கள் அப்பாவுக்குப் பாட்டனார் என்றால் நீங்கள் தேடுகிற அதே மனிதர்தான். சுருக்கப் பிரதி வேண்டாம், முழுப் பிரதியாகக் கேளுங்கள்.

உவர்மலை:
அப்பா 1956இல் பிறந்தவர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மிக்க நன்றி. லண்டனில் இருக்கும் மச்சானை பிரிட்டிஷ் நூலகத்தில் தேடச் சொல்லட்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, அங்கே இந்தியா ஆபீஸ் ஏடுகளில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். அவை இந்திய ஆட்சியின் ஏடுகள்; இலங்கையோ 1802இலேயே பிரிட்டிஷ் முடியின் நேரடிக் குடியேற்ற நாடாகிவிட்டது. நம் அரசாங்கக் கடிதப் போக்குவரத்து லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில், குடியேற்ற அலுவலகத் தொகுதி 54இல் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல்: நேவி யார்ட் 1957 வரை பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்தது. ஆகவே கச்சேரி (அரசாங்க மாவட்ட அலுவலகம்) உத்தியோகத்தர் பட்டியலில் உங்கள் பூட்டனார் இருக்கமாட்டார். மச்சான் அட்மிரல்டி (கடற்படைத் தலைமையகம்) ஏடுகளைக் கேட்கட்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், லண்டனைவிட உங்கள் வீட்டு அலுமாரிதான் முக்கியம். அவர் இங்கே காணி வாங்கியிருந்தால் உறுதி (காணிப் பத்திரம்) இருக்கும். உறுதி எழுதும் பழைய நொத்தாரிசுமார் 'இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார்' என்றே எழுதுவார்கள். அந்த 'க.' யாரென்று அங்கே தெரிந்துவிடும். சீதன உறுதி என்றால் பூட்டியின் பக்கமும் வெளிக்கும். மூல உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம்.

உவர்மலை:
ஐயா, வீட்டு உறுதி பெரிய மாமியிடம் இருக்கிறது. பூட்டிக்குச் சீதனமாக வந்த வளவு என்றுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போய் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். பழைய கையெழுத்தை வாசிக்க உதவுவீர்களா?