வேதத்துக்கு முதலிடம் எண்டா நடைமுறையில என்ன? லேவியராகமத்தில நிண்டுபோன வாசிப்பு

பனங்கூடல் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒவ்வொரு வருசமும் ஜனவரி முதலாம் திகதி ஆதியாகமத்தில தொடங்குறன், லேவியராகமம் வந்ததும் நிண்டுபோகுது. விடிய எழும்பினா பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த வேணும், பின்னேரம் ரியூசன், இரவில எல்லாருக்கும் நித்திரை. பைபிள் அப் போனிலதான் இருக்கு. அதைத் திறக்கப் போனா வட்ஸ்அப்பில நிக்கிறன்.

வேதத்துக்குத்தான் முதலிடம் எண்டு சபையில சொல்லேக்க ஆமென் சொல்லுறம். எத்தனை நிமிசம், எந்தப் புத்தகம், பிள்ளையளோட எப்பிடி எண்டு ஆரும் சொல்லித் தாறதில்லை. மனுசி கத்தோலிக்கக் குடும்பம், அவவிட்ட திருவிவிலியம். ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வாசிச்சாக் குழப்பம் வருமா? "ஜெபிச்சுத் தொடங்குங்கோ" எண்டு மட்டும் எழுதிப்போட்டுப் போகாதேங்கோ, அது தெரியும்.

மணிக்கூட்டுச்சந்தி எழுதியது:

தம்பி, நீங்கள் நிற்கிற இடம் தற்செயலானது இல்லை. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்றாக வாசித்தால் சரியாக 30 நாள். ஜனவரி 31 விடிய லேவியராகமம் 1. அதற்கு முன்பே யாத்திராகமம் 25 முதல் 31 வரையும் 35 முதல் 40 வரையும் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவு, திரை, கொக்கி, பாதம் என்று ஆள் களைத்துப் போயிருப்பார். அந்தக் களைப்போடு பலிகளுக்குள் நுழைந்தால் யாரும் நிற்பார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 66 புத்தகத்திலும் மொத்தம் 1189 அதிகாரம். வழமையான ஒரு வருட அட்டவணை கிழமை நாட்களில் 3, ஞாயிறு 5. கிழமைக்கு 23, 52 கிழமைக்கு 1196. வருடம் முழுவதற்கும் மிச்சம் ஏழே ஏழு அதிகாரம்! மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தால் அட்டவணை உடைந்துவிடும். பிறகு நடப்பது வாசிப்பு இல்லை, கடன் அடைப்பு. விடுபட்ட ஒன்பது அதிகாரத்தையும் ஒரே இருப்பில் ஓட்டி முடித்தால் எதுவும் மனதில் நிற்காது. நிற்காததால் அடுத்த நாள் திறக்க மனம் வராது.

ஆகவே அட்டவணையை மாற்றுங்கோ. புதிய ஏற்பாடு 260 அதிகாரம். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 கிழமை, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. சனி விடுபட்டதைப் பிடிக்க. ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்பட்ட பகுதியை வீட்டில் இன்னொருமுறை வாசித்தால் போதும். தொடங்குவது மத்தேயுவில் வேண்டாம், வம்ச அட்டவணை வாசலிலேயே மறிக்கும். மாற்கு 16 அதிகாரம், மூன்று கிழமையும் ஒரு நாளும். அடுத்தது பிலிப்பியர் 4, யாக்கோபு 5, பிறகு யோவான் 21.

லேவியராகமத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வாசலை மாற்றுங்கோ. முதலில் 16ஆம் அதிகாரம், பாவநிவாரண நாள். அதே நாள் எபிரெயர் 9. அடுத்த நாள் 19ஆம் அதிகாரம்: வயலின் ஓரத்தை ஏழைக்கு விடுவது, கூலிக்காரன் கூலியை இராத்தங்க வைக்காமல் கொடுப்பது, பிறனில் அன்புகூருவது, சரியான தராசு. இந்த இரண்டும் பிடிபட்ட பிறகு 1ஆம் அதிகாரத்துக்குத் திரும்பினால் பலிகள் ஏன் இருக்கின்றன என்று தெரிந்து வாசிப்பீர்கள்.

நேரம் 15 நிமிடம். ஒரு அதிகாரத்தை வாய்விட்டு வாசிக்க ஐந்தாறு நிமிடம். அதில் ஒரு பந்தியை மட்டும் மறுபடி மெதுவாக. பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த மட்டைக் கொப்பி) மூன்று வரி: இதில் என்ன இருக்கிறது, கடவுளைப் பற்றி என்ன தெரிகிறது, இன்று படுக்க முன் நான் என்ன செய்யவேண்டும். மிச்ச நேரம் ஜெபம். மூன்றாவது வரியில்தான் எல்லாரும் வழுக்குகிறோம். "அன்பாக இருக்கவேண்டும்" என்று எழுதினால் அது எழுதாததற்குச் சமம். ஆளும் நேரமும் வேண்டும்: "பின்வளவுக்காரரோடு வேலிக் கதையைப் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்ப் பேசுவது." யாக்கோபு முதலாம் அதிகாரம் சொல்லும் கண்ணாடி பார்த்த மனிதன், பார்க்காததால் கெடவில்லை. பார்த்துவிட்டுப் போய் மறந்ததால் கெட்டான்.

போன் விசயம் சின்னது, அதுதான் பெரிய ஓட்டை. விடிய எழுப்புவது போனின் மணி என்றால் நாளில் முதல் கையில் எடுப்பது போன். ஒரு மேசை மணிக்கூடு வாங்குங்கோ, போனை இரவு குசினியில் சார்ஜில் போடுங்கோ, கட்டில் தலைமாட்டில் அச்சுப் புத்தகம். விமானப் பயன்முறையில் போட்டால் சரி என்பார்கள். இரவே வந்து குவிந்த செய்தி அதனால் மறையாது. அச்சுப் புத்தகத்தில் இன்னொரு நன்மை: வசனம் இடப்பக்கத்தில் கீழே இருந்தது என்று கண் நினைவு வைத்திருக்கும். அப் வசனம் தேடுவதற்கு நல்லது.

காலையிலேயே செய்யுங்கோ. இரவு வாசிப்பு யாழ்ப்பாணத்து வெக்கையில் மூன்றாம் வசனத்தோடு நித்திரை.

குருநகர்க்கரை எழுதியது:

மணிக்கூட்டுச்சந்தி அண்ணை சொன்ன கடைசி வரியோட எனக்கு உடன்பாடில்லை. இரவில தொழிலுக்குப் போய் விடியக் கரை சேருற ஆளுக்கு விடியற்காலைதான் படுக்கிற நேரம். 119ஆம் திருப்பாடலில 147ஆம் வசனம் விடியமுன் எழும்புறதைச் சொல்லுது, அடுத்த 148ஆம் வசனம் இராச்சாமத்தில தியானிக்கிறதைச் சொல்லுது. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில இருக்கு. முதலிடம் எண்டா மணிக்கூட்டில முதல் எண்டு மட்டும் இல்லை. நித்திரைத் தூக்கத்தில குடுக்கிற மிச்ச நேரம் இல்லாம, மூளை நல்லா முழிச்சிருக்கிற நேரம். அது ஆருக்கு எப்ப எண்டு அவரவர்தான் பாக்க வேணும்.

மொழிபெயர்ப்புக்கு வாறன். உங்கட மனுசியின்ர திருவிவிலியம் 1995இல வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கப் பதிப்பில 73 நூல், உங்கட வேதாகமத்தில 66. கூடுதலா இருக்கிறது தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் ரெண்டு. எஸ்தரிலயும் தானியேலிலயும் சில பகுதி. புதிய ஏற்பாடு ரெண்டு பேருக்கும் அதே 27. அதால குடும்பமாச் சேர்ந்து வாசிக்க அங்க தொடங்கினா ஒரு சிக்கலும் இல்லை.

குழப்பம் பேரிலதான் வரும். யாத்திராகமம் கத்தோலிக்கரான எங்களுக்கு விடுதலைப் பயணம். உபாகமம் இணைச் சட்டம், சங்கீதம் திருப்பாடல்கள், பிரசங்கி சபை உரையாளர், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். ஒரு அட்டையில ரெண்டு பேரையும் எழுதி ரெண்டு புத்தகத்துக்குள்ளயும் வையுங்கோ. பிள்ளையள் பக்க எண் சொல்லி எடுக்கப் பழகினாத் தடுமாறுவினம். அதிகாரம், வசனம் சொல்லி எடுக்கப் பழக்குங்கோ.

எங்கட பக்கத்து முறை ஒண்டு உங்களுக்கும் உதவும். திருப்பலி வாசகங்கள் அட்டவணைப்படி வரும்: ஞாயிறுக்கு மூண்டு வருசச் சுற்று, தவக்காலம் மாதிரிச் சிறப்புக் காலங்கள் தவிர்ந்த கிழமை நாளில முதல் வாசகம் ரெண்டு வருசச் சுற்று, ஒற்றை வருசத்துக்கு ஒண்டு, இரட்டை வருசத்துக்கு ஒண்டு. இதில உள்ள நன்மை, பகுதியைத் தெரிஞ்செடுக்கிறது நாங்கள் இல்லை. பிடிச்ச வசனத்தையே சுத்திச் சுத்தி வாசிக்கிற பழக்கம் தானா உடைஞ்சு போகும். வாற ஞாயிறு நற்செய்தியை வியாழனே வீட்டில வாசிச்சுப் பாருங்கோ. கோயிலில மறையுரை கேக்கேக்க காதுக்கு ஏற்கெனவே பிடி இருக்கும்.

வட்டு_அக்கா எழுதியது:

தம்பி, பழைய மொழிபெயர்ப்பைப் பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கோ. எங்கள் கையில் இருப்பது 1871இல் முடிந்த போவர் திருப்புதல், அதாவது போவர் என்ற மிஷனரி தலைமையில் திருத்திய மொழிபெயர்ப்பு. அதற்கு முன் 1850இல் பேர்சிவல் என்ற மிஷனரி வெளியிட்டதில் எங்கள் ஊர் ஆறுமுக நாவலரின் உழைப்பு உண்டு. ஆனால் சபைகளில் நிலைத்தது போவருடையதுதான். அதன் ஓசை மனனத்துக்கு அருமை. சொற்கள்தான் பிள்ளைகளை வேறெங்கோ கொண்டுபோய் விடும். "கிரியையில்லாத விசுவாசம்" என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கிரியை என்பது மரண அறிவித்தலில் வரும் சொல். செத்த வீட்டுச் சடங்கு இல்லாத விசுவாசமா என்று கேட்கும். செயல் என்று ஒருதரம் சொல்லிக் கொடுத்தால் யாக்கோபு முழுவதும் திறக்கும். இப்படிப்பட்ட சொற்களுக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கோ. விளங்காத வசனத்தைத் திருவிவிலியத்தில் பார்க்கலாம். வீட்டில் இரண்டும் இருப்பது உங்களுக்கு வசதி, குழப்பம் இல்லை.

குடும்ப ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நீண்டால் பிள்ளைகள் வெறுக்கும், பிறகு பெரியவர்களே தவிர்ப்பார்கள். ரியூசன் நாளில் இராச் சாப்பாட்டுக்குக் கதிரையில் இருந்த உடனே செய்யுங்கோ, சாப்பிட்ட பிறகு என்றால் ஆள் கலைந்துவிடும். 10 முதல் 15 வசனம், ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசிப்பது. வாசிக்கத் தெரியாத சின்னது புத்தகத்தைப் பிடிக்கட்டும். ஒரேயொரு கேள்வி: "இதில் யார் என்ன செய்தார்?" பிள்ளையின் பதில் பிழை என்றால் உடனே பிரசங்கம் தொடங்கவேண்டாம், "எந்த வசனத்தில் பார்த்தாய்?" என்று கேளுங்கோ. அது திரும்பிப் புத்தகத்தைப் பார்க்கும், அதுதான் வேண்டியது. ஒரு கீர்த்தனை, கர்த்தரின் ஜெபம், முடிந்தது.

மனனம்: கிழமைக்கு ஒரு வசனம். சங்கீதம் 1 ஆறு வசனம், ஆறு கிழமையில் வீடு முழுவதும் ஒரு சங்கீதம் சொல்லும். இடத்தை முன்னும் சொல்லி, வசனத்துக்குப் பின்னும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வசனம் நிற்கும், இடம் போய்விடும். படித்ததைக் கைவிட்டால் ஒரு மாதத்தில் கரைந்துபோகும். புதியதை நாளும், முந்திய மாதத்ததைக் கிழமைக்கு ஒருமுறையும் சொல்லிப் பார்க்கவேண்டும்.

உபாகமம் 6ஐ ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசியுங்கோ. வீட்டில் இருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழும்புகையில். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கிற நாலு நேரத்துக்குள் சொருகச் சொல்கிறது.

பனங்கூடல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஜனவரி 31 கணக்கைப் பாத்துச் சிரிச்சுப்போட்டன். இன்னொண்டு: நேரம் ஒதுக்கினாச் சரி, ஆனா முடிவு எடுக்கேக்க எப்பிடி? வீட்டில தங்கச்சிக்குக் கலியாணம் பேசுறம். சாதகக் குறிப்புப் பாக்க வேணும் எண்டு ஒரு பக்கம், சீதனக் கதை மறுபக்கம். ஆளாளுக்கு ஒரு வசனம் சொல்லினம். சபையில கிடைச்ச வாக்குத்தத்த வசன அட்டை எரேமியா 29:11, உங்களைப் பற்றி நான் நினைக்கிறது தீமைக்கில்லை, சமாதானத்துக்கு எண்டு கர்த்தர் சொல்லுற வசனம். அதையே பதிலா எடுக்கலாமா?

மணிக்கூட்டுச்சந்தி எழுதியது:

இதுதான் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. விடிய 15 நிமிடம் வாசித்துவிட்டுக் கலியாணப் பேச்சில் ஊர் வழமைக்கு முதலிடம் கொடுத்தால் அந்த 15 நிமிடம் வெறும் பழக்கம்.

ஒழுங்கு முக்கியம். ஆட்கள் முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கு வசனம் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கும், அதுதான் ஆபத்து. சீதனம் வேண்டும் என்பவர் 1 இராஜாக்கள் 9:16ஐக் காட்டுவார்: பார்வோன் கேசேர் பட்டணத்தைத் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான். உண்மை. ஆனால் அது நடந்ததைச் சொல்லும் வசனம், நடக்கச் சொல்லும் வசனம் இல்லை, செய்தவனும் பார்வோன். ஆதியாகமம் 34:12இலும் யாத்திராகமம் 22:16இலும் வருகிற பரிசம் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து கொடுப்பது, திசையே மறுபக்கம். எங்கள் சீதனத்துக்கு வேர் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிய தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டத்தில் இருக்கிறது. பெற்றோர் விரும்பி மகளுக்குக் கொடுப்பது ஒன்று, கொடுத்தால்தான் தாலி என்று பேரம் பேசுவது வேறு. இரண்டாவதைத் தாங்கும் கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை.

முதலில் பாருங்கோ: இதைப் பற்றி நேரடிக் கட்டளை இருக்கிறதா? குறி, நாள் நட்சத்திரம் பார்ப்பதற்கு உபாகமம் 18:10 முதல் 12 வரை தெளிவு, "சம்பந்தி பக்கத்துத் திருப்திக்கு மட்டும்" என்ற விலக்கு அதில் இல்லை. "எங்கட ஆக்களா" என்று சாதி விசாரிப்பதற்கு யாக்கோபு 2:1 முதல் 4ஐயும் கலாத்தியர் 3:28ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. நேரடிக் கட்டளை இல்லையென்றால் அடிப்படை என்ன என்று கேளுங்கோ: கடன், பொய், பெண்ணின் விருப்பம். இரண்டும் தடுக்காத இடத்தில், மண்டபம் எது, சாப்பாடு எத்தனை பேருக்கு என்பவற்றில், ரோமர் 14 தரும் சுதந்திரம் உண்டு. அங்கே வசனம் தேடி ஒருவரையொருவர் அடிக்கவேண்டாம்.

வட்டு_அக்கா எழுதியது:

அட்டையைப் பற்றி. எரேமியா 29:11 நல்ல வசனம், தனியே கழற்றி எடுத்தால்தான் பிழை போகும். அது பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். இடம்பெயர்ந்தவர்களுக்கு எழுதின கடிதம் என்றால் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முந்திய 28ஆம் அதிகாரத்தில் அனனியா இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்றான். சனத்துக்குப் பிடித்த சொல் அதுதான். எரேமியா 29:10இல் 70 வருடம் என்கிறார். அந்த 70க்கு அடுத்த வசனம்தான் உங்கள் அட்டையில் இருப்பது. அதற்கிடையில் வீடு கட்டி, தோட்டம் நட்டு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து, இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று 5 முதல் 7 வரை. இந்த மாப்பிள்ளையா அந்த மாப்பிள்ளையா என்பதற்கு இதில் பதில் இல்லை.

அட்டையைக் கழற்றி எறியவேண்டாம் தம்பி. பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். 4 முதல் 14 வரை சின்ன எழுத்தில் எழுதி, அந்தப் பக்கம் தெரியத் திருப்பி ஒட்டுங்கோ.